அப்பரசீது என்று ஒரு பெயர்

யூட்,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் டிலானியும் புறப்பட்டுப் போன பிறகு, சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவாமல் விட்டுவிட்டு யன்னலோரம் வெகுநேரம் இருந்தேன். நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் தேத்தண்ணி பொங்குகிறது என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. டிலானி அதைக் கவனித்தாள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் இரண்டு வசனம் பேசுவதற்குள் நீ பிரெஞ்சில் குறுக்கே வருவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உனக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவேன். எழுத்தில் அது நடக்காது. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் அழுது அழுது படித்த தமிழ் இதற்காவது உதவட்டும். மெதுவாக வாசி. விளங்காத இடத்தை டிலானியிடம் கேள். அவளும் பக்கத்தில் இருந்து வாசிப்பதுதான் நல்லது, ஏனென்றால் பிள்ளை அவள் வயிற்றில் இருக்கிறது.

நீ போனில் நம்முடைய குடும்பப் பெயரைத் தட்டி, வந்ததை உரக்க வாசித்தாய். அபூர்வமான ஸ்பானியப் பெயராம். உலகத்திலேயே சொற்பப் பேரிடம்தான் இருக்கிறதாம். ‘தோன்றியவன்’ என்று பொருளாம். யார் பெற்றது என்று தெரியாமல் கோவில் வாசலில் கிடந்த பிள்ளைகளுக்கு முந்தைய காலத்தில் வைப்பார்களாம். அதற்குக் கீழே இன்னொரு பொருளும் போட்டிருந்தது, செத்த பிறகு திரும்பி வந்து நிற்கிறவன் என்று. நீ சிரித்துக்கொண்டு, அப்படியென்றால் நாங்கள் பேய்க் குடும்பமா அம்மா, இந்தப் பெயர் எங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டாய். டிலானி சிரிக்கவில்லை. கார்ஜ் புறநகரில் இருக்கிற அவளுடைய அம்மா ஏற்கெனவே, “பேய்ப் பெயரையோ பிள்ளைக்கு வைக்கப் போறியள்?” என்று கேட்டுவிட்டாராம். மெரியில், நகரசபையில், பிள்ளையைப் பதியும்போது தாயின் பெயரையும் கொடுக்கலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தீர்மானிக்கும் முன் இந்தப் பெயரால் நமக்கு நடந்ததை நீ அறிந்திருக்க வேண்டும். உனக்கு அது ஞாபகமில்லை. நடந்தபோது உனக்கு நாலு வயது.

அந்தப் பெயர் அப்பாவின் பக்கத்துப் பெயர். மன்னாரில் அதை யாரும் நேராகச் சொன்னதில்லை. சனம் ‘அப்பரசீது’ ஆக்கிவிட்டது. அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் மற்றப் பெடியள், “உன்ரை அப்பாவின்ரை ரசீது எங்கை?” என்று கேட்டுப் பகிடி பண்ணுவார்களாம். சப்பாத்து, யன்னல், அலுமாரி எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள்தானே, பெயரும் அப்படி வந்ததாக்கும் என்று நினைத்திருந்தோம். உன் அப்பப்பா வேறொரு கதை சொல்லுவார். கப்பல் ஒன்று உடைந்த பிறகு கரையில் ஒரு பிள்ளை உயிரோடு கிடந்ததாம். எந்தப் பாஷை பேசினாலும் அது பதில் சொல்லவில்லையாம். ஞானஸ்நானம் கொடுத்த வெளிநாட்டுச் சுவாமியார் தன் பாஷையில் அந்தப் பெயரை வைத்தாராம். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்தேன். கடற்கரை ஊர்களில் இப்படி எத்தனையோ கதை. படகில் ராமேஸ்வரம் போய், அங்கிருந்து எங்கெங்கோ அலைந்து, கடைசியில் பாரிசில், லா சப்பலில் ஒரு அறைக்குள் வந்து சேர்ந்தபோது எங்களுடன் அந்தப் பெயரும் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் அதைச் சுலபமாகச் சொன்னார்கள். மற்றவர்களின் நீண்ட பெயர்களைக் கண்டு திணறும் அதிகாரிகள் நம் பெயரைக் கண்டதும் முகம் மலர்ந்து, நீங்கள் ஸ்பெயினா என்று கேட்பார்கள். அப்பா, இல்லை, மன்னார் என்பார்.

நீ வாயாடிப் பிள்ளை. படியில் ஏறும்போதும் கதைப்பாய், குளிக்கும்போதும் கதைப்பாய். பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு, வழி தவறினால் அழாமல் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். அந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மூன்று பேரும் சென் தெனிச் சந்தைக்குப் போனோம். அப்பா மீன் வாங்கப் போனார். நான் ஒரு கையில் உன்னைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பிஞ்சா என்று ஒரு கையால் முறித்துப் பார்க்க முடியவில்லை. உன் கையை விட்டேன். முறித்தேன். திரும்பினேன். நீ இல்லை.

அந்த நேரத்தை விவரிக்க மாட்டேன், நாளைக்கு நீயும் தகப்பன் ஆகப்போகிறாய். அப்பா மேசைகளுக்குக் கீழெல்லாம் குனிந்து பார்த்தார். வியாபாரிகள் உன் பெயரைக் கூவினார்கள். பொலிஸ் வந்தது. மத்தியானம் தாண்டி, சந்தை கலைந்து, வீதியைக் கழுவத் தொடங்கிய பிறகுதான் ஒரு பொலிஸ்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். பிள்ளை பத்திரமாக இருக்கிறான், உங்கள் உறவுக்காரப் பெண்ணின் வீட்டில் இருக்கிறான் என்றார். அவளே பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பித் தகவல் சொல்லியிருக்கிறாள், அவளுக்கும் அதே குடும்பப் பெயர்தான் என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். இந்த நாட்டில் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை.

அந்த வீடு லா பிளேனில் இருந்தது. முந்தி ஸ்பெயின்காரர் நிறையப் பேர் குடியிருந்த பகுதி, ஒடுங்கிய சந்துகள், தாழ்ந்த வீடுகள். சந்தையில் இருந்து அங்கே போகக் கால்வாயைத் தாண்ட வேண்டும், பெரிய வீதிகளைக் கடக்க வேண்டும். பெரிய ஆளே இரண்டு இடத்தில் வழி கேட்டுத்தான் போய்ச் சேருவான். ஒரு வயதான பெண் கதவைத் திறந்தாள். மெலிந்தவள், தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்தாள், பெயர் இனெஸ். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் நீ கதிரையில் இருந்து பாலில் தோய்த்த ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் உடம்பில் நான் போட்டுவிடாத ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சுவெற்றர். பூச்சி உருண்டை மணந்தது. கையால் பின்னியது, மிகப் பழையது. நான் தையல் வேலை செய்கிறவள் என்பதால் முதலில் என் கண் போனது அங்கேதான். தோள், கை நீளம், கழுத்து எல்லாம் உனக்கென்று அளவெடுத்ததுபோல் இருந்தது. உன் தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அன்றைக்கு மழையும் இல்லை, பனியும் கொட்டவில்லை.

“யூட்” என்று கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பெண் மெதுவாக, “எலியாஸ்” என்றாள். நீ நிமிர்ந்தாய். பிறகு அவள் பார்த்த பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாய். பேருந்தில் எதிரே இருக்கிற யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல, மரியாதையாகப் பார்த்தாய்.

அவள் எங்களுக்குக் கதிரை போட்டாள். பொலிஸ்காரர் இருக்கும்போதே எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னாள், ஒளிக்கவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்திருக்கிறாள். வாசலில் நீ நின்றிருக்கிறாய். நீ யார் என்று தன் பாஷையில் கேட்டிருக்கிறாள். நீ குடும்பப் பெயரைச் சொல்லியிருக்கிறாய். அவள் அந்தப் பெயரைச் சொன்ன விதம் வேறு, நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்து, அபரெதீதோ என்றாள். நீயும் அப்படித்தான் சொன்னாயாம். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடியப்போகிற குளிர்காலத்தில் அவளுடைய குடும்பம் மலை தாண்டி பிரான்சுக்கு நடந்து வந்திருக்கிறது. தகப்பன் ஏற்கெனவே செத்துவிட்டார். தாய் மூட்டைகளைச் சுமந்திருக்கிறாள். எட்டு வயது இனெஸின் கையில் நாலு வயதுத் தம்பி எலியாஸ். சனம் நெருக்கிக்கொண்டு போன ஒரு திருப்பத்தில் அவளுடைய சப்பாத்து நாடா அவிழ்ந்தது. குனிந்து கட்டி நிமிர்ந்தபோது தம்பி இல்லை. பனி கொட்டிக்கொண்டிருந்ததாம். அவனை உயிரோடும் காணவில்லை, பிணமாகவும் காணவில்லை. அவனுக்கென்று தாய் பின்னி முடித்திருந்த சுவெற்றர் மூட்டைக்குள் இருந்தபடியே பிரான்சுக்கு வந்தது. அந்தப் பெயருக்கு அவர்கள் பக்கத்தில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். கல்யாணம் செய்யவில்லை.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று முதன்முதலில் எனக்குச் சொன்னவள் அவள்தான், நீ போனில் வாசித்ததைவிட நன்றாகச் சொன்னாள். அவளுடைய ஊரில் பெயர்கள் இடத்தைச் சொல்லும், அல்லது தொழிலைச் சொல்லும், அல்லது தகப்பனைச் சொல்லும். இந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது. எங்கிருந்து என்று கேட்கக்கூடாத பிள்ளைக்கு வைக்கிற பெயர். அதனால்தான் அது பரவவில்லை என்றாள். அடுத்த தலைமுறை கொஞ்சம் தலையெடுத்ததும் வேறு பெயருக்கு மாறிவிடும், யாருக்கும் வாசலில் கிடந்தவனின் வம்சம் என்று சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. கடைசியாக என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள்.

“நானும் கையை விட்டேன், நீங்களும் விட்டீர்கள்.”

குற்றம் சாட்டுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நீ அழவில்லை. அவருடைய தோளுக்கு மேலால் அவளையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

வீட்டுக்கு வந்த பிறகு நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். சப்பாத்தைக் கழற்ற விடமாட்டாய், அதோடுதான் படுப்பாய். சோற்றைத் தொடமாட்டாய். யூட் என்று கூப்பிட்டால் அந்தப் பெயர் யாருக்கோ என்பதுபோல் இருப்பாய். வாசலில் போய் நிற்பாய், கதவைத் திற என்றும் கேட்கமாட்டாய். சில நாள் கழித்துக் காலையில் உனக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது வாய் திறந்தாய். நல்ல தமிழில், தெளிவாகக் கேட்டாய்: “அக்கா எங்கை?”

உனக்கு அக்கா இல்லை. எங்களுக்கு உனக்கு முன்னும் பிள்ளை இல்லை, பின்னும் இல்லை. அப்பா அதட்டினார். “அக்காவும் இல்லை ஒண்டும் இல்லை, விசர்க் கதை கதையாதை” என்றார். அவர் கோபத்தில் அதட்டவில்லை, பயத்தில் அதட்டினார். ஆனால் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். உன் பிள்ளை விளங்காத ஒன்றைச் சொன்னால் திருத்தப் போகாதே. பக்கத்தில் இருந்து, பிறகு என்ன என்று கேள். நாங்கள் கேட்கவில்லை. வைத்தியரிடம் கொண்டுபோனோம், அதிர்ச்சி என்றார். சுவாமியாரிடம் கொண்டுபோனோம், செபமாலை சொல்லச் சொன்னார். நீ மெலிந்துகொண்டே போனாய். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பனி கொட்டுவதை யன்னலால் பார்த்துவிட்டு, “இனி மூடிப்போடும்” என்று பிரெஞ்சில் சொன்னாயாம். உன் ஆசிரியை அதைச் சாதாரணமாகத்தான் என்னிடம் சொன்னாள்.

உன்னைக் குளிக்க வார்க்கும்போது நான் உன் உடம்பைத் தேடியிருக்கிறேன். இடது காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சம் இருந்தது. முழங்காலில் தழும்பு இருந்தது. எல்லாம் நான் பெற்ற உடம்புதான். ஆனால் துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்த்தினால் கண்ணுக்குள் இருந்து பார்ப்பது யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தாய் இதை எழுதுவது சுலபமில்லை, யூட்.

கடைசியில் அப்பாவுக்குச் சொல்லாமல் உன்னை இனெஸிடம் கொண்டுபோனேன். அங்கே நீ சாப்பிட்டாய். அதன் பிறகு பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைகளில் எல்லாம் போனோம். அவள் உனக்கு ரொட்டி ஊட்டுவாள், நான் எதிரே இருந்து பார்ப்பேன். எரிச்சலாக இருக்கும். பிள்ளையைப் பிடுங்கிக்கொள்கிறாள் என்று நினைப்பேன், சாப்பிடுகிறானே என்று அடங்கிவிடுவேன். நீ அவளோடு பேசினாய். என்னோடு பேசவில்லை. அவளும் சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு வாரம் நீ வெளிறுவதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

உன் ஐந்தாவது பிறந்தநாளுக்கு முதல் நாளும் புதன்கிழமை. நாங்கள் போனபோது அவள் நல்ல உடுப்பு உடுத்து, வாசற்கதவை முழுதாகத் திறந்து வைத்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

“நாளைக்கு இவனுக்கு ஐந்து. எலியாஸ் ஐந்தைக் காணவில்லை. இன்றைக்கே போகட்டும்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அவன் தானாக வரவில்லை. இத்தனை வருஷமாக நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அதனால்தான் வந்தான். நான் கூப்பிடுவதை நிறுத்த வேண்டும். நீங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லி முடிக்கும்வரை விடாதீர்கள்.”

உன் கையைப் பிடித்தேன். அவள் உன் முன்னால் முழந்தாளிட்டு, அங்கே போகும்போதெல்லாம் நீ போட்டுக்கொள்கிற அந்தச் சாம்பல் நிறச் சுவெற்றரைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு தன் பாஷையில் பேசத் தொடங்கினாள். வெகுநேரம் பேசினாள். எனக்கு எலியாஸ் என்ற பெயர் மட்டும்தான் விளங்கியது. அவள் பேசப் பேச உன் கை குளிர்ந்தது. பிள்ளைகளின் கை குளிரும்தானே, அப்படியில்லை. கடைகளில் ஐஸ் போட்ட மீன் பெட்டிக்குள் கை வைத்தால் எலும்பு நோகுமே, அப்படி என் கை நொந்தது. தோள்வரை நொந்தது. விட்டுவிட வேண்டும் என்று வந்தது. ஒரு முறை விட்டவள் என்பதால் விடவில்லை. அவள் கடைசியில் உன் நெற்றியில் முத்தமிட்டு எழுந்து, சுவரோடு சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் கை மெல்ல மெல்லச் சூடேறியது.

வெளியே வந்து சந்தின் பாதிவரை நடந்திருப்போம். அவள் வாசலில் இருந்து, “போய் வா, யூட்” என்றாள். முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னாள். நீ திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடி நடந்தாய். பேருந்தில் ஏறியதும், “அம்மா, பசிக்குது” என்றாய். அன்றைக்கு இரவு புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டாய். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தாய். அடுத்த நாள் வாயாடத் தொடங்கினாய். அப்பா, “எல்லாம் சுகம் வந்திட்டுது, இனி இதைப் பற்றிக் கதைக்கப்படாது” என்றார். அவர் சாகும்வரை நாங்கள் கதைக்கவில்லை.

இனெஸிடம் நான் பிறகும் சில தடவை தனியாகப் போனேன். என்னைக் கண்டால் சந்தோஷப்படுவாள், உன்னைக் கூட்டி வா என்று ஒருபோதும் கேட்டதில்லை. நீ பெரிய பள்ளிக்கூடம் போன வருஷம் அவள் இறந்துபோனாள். அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்ததால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கேட்டதால்தான் இந்த வியாழக்கிழமை பூ வாங்கிக்கொண்டு சென் தெனிச் சேமக்காலைக்குப் போனேன். அவளுடைய கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தேன். சின்னக் கல். அவளுடைய பெயர், அதற்குக் கீழே எலியாஸின் பெயர், இரண்டு பேருக்கும் நம்முடைய குடும்பப் பெயர். எலியாஸ் இறந்த திகதியாக அவள் போரின் குளிர்காலத்தை எழுதச் சொல்லவில்லை. உன் பிறந்தநாளுக்கு முதல் நாள் போட்டிருந்தது, உனக்கு ஐந்து வயதான அந்த வருஷத்தோடு.

கல்லுக்கு முன்னால் நின்று நான் செபம் சொன்னேன். அவர்கள் பக்கத்தில் பெயர் முடிந்துவிட்டது. நம் பக்கத்தில் நீ ஒருவன்தான். மெரியில் நீங்கள் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் நான் அந்தப் பெயரால் பிள்ளையைக் கூப்பிடுவேன். டிலானியின் அம்மாவிடம், அது பேய்ப் பெயர்தான் என்று நான் ஒத்துக்கொண்டதாகவே சொல். ஆனால் எந்த ஊர், யார் தகப்பன் என்று கேட்காமல் ஒரு பிள்ளையை உள்ளே எடுத்தவர்கள்தான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ இப்போதும் சப்பாத்து நாடா கட்டக் குனியும்போது ஒரு கையால் பக்கத்தில் நிற்கிறவரின் உடுப்பைப் பிடித்துக்கொள்கிறாய். டிலானி கண்டிருப்பாள். உனக்குத் தெரியாது. நான் பழக்கியதில்லை.

எலியாஸ் அன்றைக்குப் போய்விட்டான் என்று கல்லில் எழுதச் சொன்ன இனெஸுக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கு இருந்தது, பல வருஷம் இருந்தது. நீ தூங்கும்போது பக்கத்தில் நின்று, அந்தச் சந்தில் இருந்து நான் கூட்டிக்கொண்டு வந்தது இரண்டு பேரில் யாரை என்று யோசித்திருக்கிறேன். ஒரு காய்ச்சலின்போது நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “போகாதை” என்றாய். நான் போகவில்லை. விடிந்தபோது அந்தக் கேள்வியை நான் கேட்டு முடித்துவிட்டது தெரிந்தது. யார் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தானோ, அவனைத்தான் வளர்த்தேன்.

அம்மா